கண்ணைக் கட்டிய பறவை

போன மாசம் முன்னோருக்குப் படையல் வைக்கும் படைப்புக்காக எல்லாரும் ஊரில் கூடியிருந்தோம். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் சென்னையிலிருந்து வந்த அண்ணன் மகள் பையிலிருந்து டாரட் என்கிற, குறி பார்க்கும் படச் சீட்டுக்கட்டு ஒன்றை எடுத்து, வளவில் ஆத்தங்குடிக் கல் மேல் பரப்பினாள். எனக்குக் கை குறுகுறுத்தது. இந்த விஷயத்தில் நான் ஏற்கெனவே சூடுபட்டவன். கொரோனா சமயத்தில் 3,500 ரூபாய் கட்டி ஆன்லைனில் டாரட் வகுப்பில் சேர்ந்தேன். கடைசியில் கையில் மிஞ்சியது ஒரு பிடிஎஃப். நாய் – விசுவாசம். சிங்கம் – தைரியம். குதிரை – வேகம். பறவை – சுதந்திரம். இதைப் பாலர் பள்ளிச் சுவரிலேயே எழுதி வைத்திருப்பார்கள், அதுவும் இலவசமாக.

என் மனக்குறை காசைப் பற்றியது அல்ல (சரி, கொஞ்சம் காசைப் பற்றியதும்தான்). மிருகத்துக்கு ஒரு அர்த்தம் என்று சீட்டு ஒட்டிவிட்டால், அட்டையில் அது என்ன செய்துகொண்டிருக்கிறது என்று அப்புறம் யாரும் பார்ப்பதே இல்லை.

வெள்ளைக் குதிரையையே எடுத்துக்கொள்ளுங்கள். 13-ம் அட்டையான மரணத்தில் கவசம் போட்ட எலும்புக்கூடு அதன் மேல் வருகிறது. கடிவாளத்தில் மண்டையோடு. குதிரைக்கு எந்த அவசரமும் இல்லை, ஊர்வலத்தில் வருவதுபோல நடக்கிறது. 19-ம் அட்டையான சூரியனிலும் வெள்ளைக் குதிரைதான். அதன் மேல் துணியில்லாத குழந்தை, கடிவாளமும் இல்லை சேணமும் இல்லை, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு போகிறது. இரண்டுக்கும் 'வேகம்' என்றால் எப்படி? அய்யனாருக்கு மண் குதிரை சுமந்து போகும் புரவி எடுப்பு பார்த்து வளர்ந்தவர்களைக் கேளுங்கள். அய்யனார் குதிரை ராத்திரியில் பயம், விடிந்தால் காவல். ஒரே மண், ஒரே குதிரை.

இன்று கடைகளில் அதிகம் கிடைக்கும் கட்டு 1909-ல் லண்டனில் வந்தது. ஆர்தர் எட்வர்ட் வெயிட் யோசனை சொன்னார், வரைந்தது பமீலா கோல்மன் ஸ்மித். ஆனால் டாரட் பிறந்தது 15-ம் நூற்றாண்டில், வட இத்தாலியில், சீட்டு விளையாட. குறி பார்ப்பதெல்லாம் பிற்பாடு வந்த சங்கதி. 1781-ல் பிரான்சில் கூர் த ஷெபலான் என்பவர் இதெல்லாம் எகிப்து ஞானம் என்று எழுதினார். அந்த எகிப்து மோகத்தில்தான் பழைய தேர் அட்டையில் குதிரைகள் இருந்த இடத்துக்குப் பிற்காலத்தில் ஸ்பிங்க்ஸ் வந்து சேர்ந்தது. மனிதத் தலையும் சிங்க உடம்புமாக நம் கோயில் தூண்களில் புருஷாமிருகம் பார்த்திருப்பீர்களே, அதற்கு ஒன்றுவிட்ட தம்பி.

பட்டியல்காரர்கள் இதைக் கவனிக்க வேண்டும். 15-ம் நூற்றாண்டு விஸ்கோன்தி–ஸ்ஃபோர்ஸா என்ற இத்தாலியச் சீட்டுக்கட்டில் 'வலிமை' அட்டை என்பது ஒருவன் சிங்கத்தின் மேல் தடியை ஓங்கி நிற்பது. 1909-ல் அதே அட்டையில் ஒரு பெண் குனிந்து அதன் வாயை மெதுவாக மூடுகிறாள். சிங்கம் அதே சிங்கம், அடி வாங்குகிறதா அடங்குகிறதா என்பதில்தானே கதை? முட்டாள் அட்டையின் நாயும் அப்படித்தான். ஸ்மித் வரைந்தது கூடவே துள்ளி வரும் வெள்ளை நாய். மார்செய் என்ற பழைய பிரெஞ்சுப் பாணிக் கட்டுகளில் அவன் காலைப் பிடித்துப் பிறாண்டுகிறது. விசுவாசமாம்!

ராசி தெரிந்த நமக்குப் பாதி டாரட் தானாகவே புரியும். உலகம் என்ற 21-ம் அட்டையின் நாலு மூலையில் காளை, சிங்கம், கழுகு, மனித முகம். ரிஷபம், சிம்மம், கும்பம் சரி. தேளுக்குப் பதில் கழுகு வைத்தால் விருச்சிகம். நாலும் நம் ஜோசியர் சொல்லும் ஸ்திர ராசி. பைபிளிலும் இதே நால்வர் வருகிறார்கள்.

ஆத்தாவுக்கு (எங்கள் பக்கம் அம்மாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) 84 வயது. நிலா அட்டையைக் கையில் எடுத்தார்கள். அதில் நிலவைப் பார்த்து ஒரு நாயும் ஒரு ஓநாயும் நிற்கும், குளத்திலிருந்து நண்டு மாதிரி ஒன்று ஏறி வரும். "இது வைரவர் வாகனமுல்ல" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். வைரவரைப் பார்க்க வைரவன்பட்டிக்கு வருஷம் தவறாமல் போகிறவர்களுக்கு ஓநாய் ஏது? அண்ணன் மகள் பிடிஎஃப் பாணியில் 'மாயை, குழப்பம்' என்று தொடங்கினாள். ஆத்தா கேட்கவில்லை. "ஊருணியிலேருந்து ஏறுது பாரு, இது கடகம். சந்திரன் வீடு." பக்கா.

அடுத்து எடுத்ததுதான் ஒன்பது பென்டக்கிள், அதாவது ஒன்பது நட்சத்திரக் காசு போட்ட அட்டை. கொடி நிறையத் திராட்சை, பூப்போட்ட பட்டு அங்கி, பின்னால் தூரத்தில் மாளிகை, நடுவில் ஒரு பெண் தனியாக. உறை போட்ட கையில் வல்லூறு. கீழே தரையில் ஒரு நத்தை, தேடினால்தான் கண்ணில் படும்.

"பணக்கார அட்டை அப்பத்தா. சுதந்திரமான பொண்ணு."

ஆத்தா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்கள். "அந்தப் பறவைக்கு ஏன்டி கண்ணக் கட்டியிருக்கு?"

வேட்டைக்குப் பழக்குகிற பறவை, கண்ணை மூடினால்தான் மிரளாமல் கையில் உட்காரும், அதற்காகப் போடுகிற குல்லா என்று சொன்னேன். ஆத்தா ஒன்றும் சொல்லவில்லை. அட்டையை முகப்பு நிலைக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார்கள். நிலைக்கு மேலே பர்மாத் தேக்கில் கஜலட்சுமி, இரண்டு பக்கமும் கிளிகள். அப்பச்சி, அதாவது என் அப்பா, பினாங்கில் வட்டிக்கடையில் இருந்த காலம் எனக்கு நினைவில்லை. மூன்று வருஷத்துக்கு ஒருமுறை வருவார்களாம். அதுவரை இந்த வீட்டில் ஆத்தாவும் அவர்கள் மாமியாரும்தான்.

"தோட்டமெல்லாம் இருக்கு. கதவு எங்கடி இருக்கு?" என்றார்கள் கடைசியில்.

நாங்கள் இருவரும் அட்டையை வாங்கிப் பார்த்தோம். கதவு இல்லை.

எனக்கு டாரட்டில் குறி கேட்கும் நம்பிக்கை இல்லை. சிறகை வெட்டிய கிளி என் தலையெழுத்தை எடுத்துக் கொடுக்கும் என்பதிலும் இல்லை. 1972 வனவிலங்குச் சட்டப்படி அந்தக் கிளியைக் கூண்டில் வைப்பதே குற்றம், அது வேறு கதை. ஆனால் ஆத்தா செய்ததைத்தான் அட்டை பார்ப்பது என்று சொல்வேன்.

அன்று ராத்திரி பழைய வகுப்பின் வாட்ஸப் குழுவில் அட்டையைப் படம் எடுத்துப் போட்டு, பறவையின் கண் ஏன் மூடியிருக்கிறது என்று கேட்டேன். பத்து நிமிஷத்தில் ஆசிரியரிடமிருந்து பதில் வந்தது: "பறவை – சுதந்திரம். பக்கம் 14 பார்க்கவும்."