மறைக்காமல் கேட்ட அனுமதி

ஞாயிற்றுக்கிழமை இரவிலிருந்து நம் சங்கத்து வாட்ஸ்அப் குழுவில் சுற்றிக்கொண்டிருக்கும் ஸ்கிரீன்ஷாட்டை இதைப் படிக்கிற எல்லோரும் பார்த்திருப்பீர்கள் என்பதால் அதை மறுபடி இங்கே ஒட்டப்போவதில்லை. "நம்ம மளிகைக் கடை அண்ணன் ரஜினி ஆகப்போறார்" என்ற வரியின் கீழே விழுந்த சிரிப்புப் பொம்மைகளை நானும் எண்ணினேன், முப்பத்திரண்டு. ஆனால் அது நான் யாருக்கும் அனுப்பிய கடிதம் அல்ல என்பதை மட்டும் சொல்லியாக வேண்டும். கைத்துப்பாக்கியை உடன் எடுத்துச் செல்வதற்கான உரிமத்துக்கு நான் விண்ணப்பித்ததையொட்டி, நன்னடத்தைக்குச் சாட்சியாக நான் பெயர் கொடுத்திருந்த ஒரு நண்பருக்குக் காவல்துறையிலிருந்து தனியாகப் போன மின்னஞ்சல் அது. பதினான்கு வருடப் பழக்கம். பெயர் கொடுப்பதற்கு முன்னால் போன் செய்து கேட்டேன். "இதுக்கெல்லாம் கேக்கணுமாண்ணே" என்றார்.

சிரித்தவர்களில் பாதிப் பேர், அமெரிக்காவில் கடைக்குப் போய்த் துப்பாக்கி வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு வந்துவிடலாம் என்று நினைத்திருக்கிறார்கள் போலும். 2021 செப்டம்பருக்குப் பிறகு டெக்சாஸில் கிட்டத்தட்ட அப்படித்தான். உரிமம் இல்லாமலே எடுத்துச் செல்லலாம். நாம் இருப்பது நியூ ஜெர்சி. இங்கே துப்பாக்கி வாங்குவதற்கே ஓர் அடையாள அட்டை, ஒவ்வொரு கைத்துப்பாக்கிக்கும் தனியாக ஒரு வாங்கும் அனுமதி, அதற்கும் மேலே வருவதுதான் இந்த உரிமம். கைரேகை கொடுத்தேன். என் மனநல மருத்துவப் பதிவுகளைத் தேடிப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று கையெழுத்துப் போட்டேன். பயிற்சி வகுப்பில் உட்கார்ந்தேன். சுடுதளத்தில் நின்று சுட்டுக் காட்டினேன். இருநூறு டாலர் கட்டினேன். கிடைத்தாலும் இரண்டே வருடத்துக்குத்தான், பிறகு மறுபடி முதலிலிருந்து. இவை தவிர, உறவினர் அல்லாத, மூன்று வருடமாவது என்னை அறிந்த நான்கு பேர் என் குணத்துக்குச் சாட்சி சொல்ல வேண்டும். மறைத்து எடுத்துச் செல்லும் உரிமம் என்று பெயர். ஆனால் அதைக் கேட்கிறவன் தன்னைப் பற்றி எதையும் மறைக்க முடியாது. கள்ளத் துப்பாக்கி வைத்திருக்கிறவன் யாரிடமும் சாட்சி கேட்டு நிற்பதில்லை. கேட்டு நின்றவனைப் பார்த்துத்தான் முப்பத்திரண்டு பேர் சிரித்திருக்கிறீர்கள்.

2022 ஜூன் வரை என்னைப் போன்ற கடைக்காரனுக்கு இது எட்டாக்கனி. உனக்கென்று தனிப்பட்ட ஆபத்து இருப்பதை ஆதாரத்தோடு நிரூபி என்பார்கள். நியூயார்க்கின் அதே மாதிரியான சட்டத்தை உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் ரத்து செய்த பிறகுதான் இங்கேயும் அந்த நிபந்தனை போனது. அதே வருடம் டிசம்பர் 22 அன்று ஆளுநர் கையெழுத்திட்ட புதிய சட்டத்தில் மற்ற நிபந்தனைகள் கூடின. அந்த நான்கு சாட்சிகள் என்ற எண்ணிக்கை அந்தச் சட்டத்தில் உள்ளதுதான், என் ஆசைக்கு நான் நான்கு பேரைத் தொந்தரவு செய்யவில்லை.

எனக்கு ஏன் இது என்று கேட்கிறவர்களுக்குத் தெரியாததல்ல, இருந்தாலும் சொல்கிறேன். 2023 நவம்பரில் ஓர் இரவு, பத்தே கால் மணிக்குக் கடையைப் பூட்டிவிட்டுப் பின்பக்கத்து வண்டி நிறுத்தத்துக்கு வந்தேன். கையில் இருந்தது யாரோ ஒரு மணமக்களின் பெயர் அச்சிட்ட தாம்பூலப் பை. அதற்குள் 1,140 டாலரும், காலி டிபன் டப்பாவும், கண்ணாடிக் கூடும். பையன் ஒருவன் சட்டையின் முன்பைக்குள் கையை விட்டபடி நின்று, பையைக் கொடு என்றான். அவனுடைய இடது ஷூவின் கயிறு அவிழ்ந்து ஈரத் தரையில் கிடந்தது. அதைத் தவிர அவனைப் பற்றி எதையும் என்னால் போலீசாரிடம் சொல்ல முடியவில்லை. உள்ளே இருந்தது துப்பாக்கியா, வெறும் விரலா என்று இன்று வரை தெரியாது. கொடுத்துவிட்டேன். அன்றிரவு முதல் ஆளாக வீட்டுக்கு வந்து, என் மனைவி போட்ட காபியைக் குடித்துக்கொண்டே "ஒண்ணு வாங்கி வெச்சுக்கோங்கண்ணே, காலம் கெட்டுக் கிடக்கு" என்று சொன்னவர் யார் தெரியுமா? ஸ்கிரீன்ஷாட் எடுத்த அதே நண்பர்தான்.

துப்பாக்கி இருந்திருந்தால் அந்தப் பையனைச் சுட்டிருப்பீர்களா என்று ஒரு தங்கை கேட்டிருந்தார். சுட்டிருக்க மாட்டேன் அம்மா. பணம் கேட்டால் பணத்தைக் கொடு என்பதுதான் எங்கள் பயிற்சியாளர் முதல் நாளே சொன்னது. காரில் ஏறு என்று சொல்லியிருந்தால் என்ன செய்வது என்பதற்காகத்தான் இந்த விண்ணப்பம்.

காந்தி பிறந்த மண்ணிலிருந்து வந்தவனுக்கு இது அழகா என்று கேட்ட பெரியவருக்கு என் வணக்கம். அவர் ஊர் எல்லையில் காவல் நிற்கும் ஐயனாரின் கையில் இருப்பது தாமரைப் பூ அல்ல என்பது அவருக்கே தெரியும். என் தாத்தா மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்தில் கடலைக் காட்டுக்குப் பன்றி வராமலிருக்க ஒற்றைக்குழல் துப்பாக்கி வைத்திருந்தார், முறையான உரிமத்தோடு. தேர்தல் அறிவித்தால் போதும், வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு, துப்பாக்கியைக் கோணிச்சாக்கில் சுற்றித் தோளில் வைத்து, ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்கி வருவார். அந்த ரசீது நிலப் பத்திரத்தோடு டிரங்குப் பெட்டியில் இருக்கும். அவரைப் பார்த்து ஊரில் யாரும் சிரித்ததாக எனக்கு நினைவில்லை.

வீட்டில் துப்பாக்கி இருப்பது வீட்டில் இருப்பவர்களுக்கே ஆபத்து என்ற ஒரு வாதத்தை மட்டும் நான் தள்ளிவிட மாட்டேன். இந்த நாட்டில் 2021ஆம் ஆண்டு துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர். அதில் பாதிக்கு மேல் தற்கொலை. என் வீட்டில் பதினைந்து வயதுப் பையன் இருக்கிறான். சுவரோடு சேர்த்து முடுக்கிய எஃகுப் பெட்டி வாங்கியிருக்கிறேன், சாவி கிடையாது, என் விரல் ரேகைக்கு மட்டுமே திறக்கும். அது போதுமா என்று கேட்டால் போதும் என்றுதான் நினைக்கிறேன். இதை யாராவது என்னிடம் நேரில் வந்து கேட்டிருந்தால் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசியிருப்பேன். யாரும் வரவில்லை, பொம்மைதான் அனுப்பினீர்கள்.

நண்பருக்குச் சாட்சி சொல்ல இஷ்டமில்லை என்றால் சொல்லியிருக்கலாம், எனக்கு வருத்தம் இருந்திருக்காது. பயமாக இருக்கிறது என்றாலும் புரிந்துகொண்டிருப்பேன். அந்த மின்னஞ்சலுக்குப் பதில் எழுத ஐந்து நிமிடம்கூட ஆகாது; அதைப் படம் பிடித்து, என் பெயரை வட்டம் போட்டுக் குழுவில் போடுவதற்கு அதைவிட அதிக நேரம் ஆகியிருக்கும்.

செவ்வாய்க்கிழமை காவல் நிலையத்திலிருந்து அழைத்து, நால்வரில் ஒருவரிடமிருந்து பதில் வரவில்லை, வேறு பெயர் தருகிறீர்களா என்று மரியாதையாகக் கேட்டார்கள். ஆறு வருடமாக என் கடையில் அரிசி மூட்டை இறக்கும் ஹோண்டுராஸ்காரரின் பெயரைக் கொடுத்தேன். அன்று சாயங்காலமே பதில் அனுப்பிவிட்டதாக அவர் வந்து சொன்னார்.

நண்பர் இதைப் படிப்பார் என்று தெரியும். ஒவ்வொரு டிசம்பரும் குடும்பத்தோடு ஊருக்குக் கிளம்பும்போது என்னிடம் கொடுத்துவிட்டுப் போகும் அவர் வீட்டுச் சாவி, போன முறை திரும்பி வாங்காமல், பிள்ளையார் வளையத்தோடு இன்னும் என் கல்லாப்பெட்டியில்தான் கிடக்கிறது. கடை ஒன்பது மணிக்குத் திறக்கும், ஆள் அனுப்பி வாங்கிக்கொள்ளலாம்.