டெங்கு அறிக்கையில் பீ.சீ.வி.யையும் பாருங்கள்
டெங்கு நோயாளியின் இரத்தப் பரிசோதனை அறிக்கையில் குருதிச் சிறுதட்டுகளின் (பிளேட்லெட்) எண்ணிக்கையைக் கவனித்தால் போதும் என்று ஒரு கட்டுரையில் எழுதியிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. அதே தாளில் பீ.சீ.வி. என்றொரு வரி இருக்கிறது; குருதியில் செங்கலங்களின் பங்கு எத்தனை சதவீதம் என்பதை அது காட்டுகிறது. டெங்கில் ஆளைச் சாய்ப்பது பெரும்பாலும் இரத்தக் குழாய்களிலிருந்து குருதியின் நீர்ப்பகுதியான பிளாஸ்மா கசிவதுதான். கசியக் கசியக் குருதி தடித்து இந்த எண் ஏறும். நோயாளியின் தொடக்க அளவில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 20 சதவீதம், ஏறினால் கசிவு என்றே கொள்வார்கள். வெள்ளவத்தையில் அக்காவின் மகனுக்குக் காய்ச்சல் விட்டதும் வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. சிறுதட்டு 90,000 இருக்கிறதே, பயமில்லை என்றார் அத்தான். ஆனால் 36 ஆக இருந்த பீ.சீ.வி. 44 ஆகியிருந்ததைக் கண்ட வைத்தியர் அப்போதே மருத்துவமனை விடுதியில் அனுமதித்துவிட்டார். அங்கே அவன் குடித்த ஜீவனி என்ற உப்பு-சர்க்கரைக் கரைசலையும் கழித்த சிறுநீரையும் மில்லிலீற்றர் கணக்கில் அளந்து, மணிக்கு மணி அட்டவணையில் எழுதினார்கள். அந்தப் பதிவைப் பார்த்துத்தான் சேலைனைக் கூட்டினார்கள், குறைத்தார்கள். டெங்குக்குப் பப்பாசி இலைச் சாற்றைச் சிலர் பரிந்துரைக்கிறார்கள்; அதை நம்பி எவரும் அடுத்த பரிசோதனையைத் தள்ளிப்போடக்கூடாது. காய்ச்சல் விடும் வேளையில்தான் ஆபத்தான கட்டம் தொடங்குகிறது, அது 24 முதல் 48 மணித்தியாலம் நீடிக்கும். தயவுசெய்து முதல் அறிக்கையை எறிந்துவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் வைத்தியர் புதிய எண்ணை எதனுடன் ஒப்பிடுவார்?