"சீனச் சாமான்" என்று எழுதிய அண்ணருக்கு

கடந்த வாரம் கனடாவில் நம் தம்பி ஒருவர் தாம் புதிதாக வாங்கிய, சீனாவில் செய்த எஸ்.கே.எஸ். என்ற பழைய படைத் துவக்கின் (துப்பாக்கியின்) படத்தை முகநூலில் போட்டதும் அதன் கீழே நடந்ததும் உங்களில் பெரும்பாலானோருக்குத் தெரியும் என்பதால், அதை மறுபடி விவரிக்கப்போவதில்லை. "சீனச் சாமான்", "600 டொலருக்கு விறகு", "உன்னை நல்லா ஏமாத்திப்போட்டான்" என்று அடுக்கடுக்காக விழுந்த கருத்துகளைப் பார்த்துவிட்டு, இரவோடு இரவாக அவர் படத்தையே எடுத்துவிட்டார். எழுதியவர்களில் ஒருவர்கூட அந்தத் துவக்கைக் கையில் எடுத்துப் பார்த்தவர் அல்லர். அதன் குழலுக்குள் வெளிச்சம் விட்டுப் பார்த்தவர் அல்லர். விலையையும் அது செய்யப்பட்ட நாட்டின் பெயரையும் வைத்தே தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள்.

மலிவு விலையில் இறக்குமதியாகும் துவக்குகளைப் பற்றிப் பேசுவதற்கு முன், அவை ஏன் மலிவாக வந்தன என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். சோவியத் வடிவமைப்பாளர் சிமோனொவ் உருவாக்கிய இந்தத் துவக்கு, சோவியத் ஒன்றியத்தின் துலா தொழிற்சாலையில் 1949 முதலும், இஷெவ்ஸ்கில் 1953, 1954 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் செய்யப்பட்டது. சீனா 1956-இல் தொடங்கியது. இவை விற்பனைக்காகச் செய்யப்பட்டவை அல்ல, படைகளுக்காகச் செய்யப்பட்டவை. உடற்பகுதி முழு இரும்புக் கட்டியிலிருந்து கடைந்து எடுக்கப்பட்டது. கலாஷ்னிகோவ் (ஏ.கே.-47) வந்து அதன் இடத்தைப் பிடித்தபின், இவை தடித்த பாதுகாப்புக் கிறீஸில் முக்கி எடுக்கப்பட்டுப் பெட்டி பெட்டியாகக் கிடங்குகளில் அடுக்கப்பட்டன. பல பத்தாண்டுகள் கழித்து அந்தக் கிடங்குகளைக் காலி செய்தபோது, செய்த செலவை எப்போதோ ஓர் அரசு கொடுத்துத் தீர்த்திருந்தது. நான் வாங்கிய காலத்தில் ஏறத்தாழ 200 டொலருக்கு இது கிடைத்ததற்குக் காரணம் அதுதான். அது கிடங்கைக் காலி செய்யும் விலை. தரம் குறைந்ததால் வந்த விலை என்று எவராவது சொன்னால், அவருக்கு இந்தக் கதையின் முதல் பாதி தெரியாது என்றுதான் பொருள்.

அமெரிக்கா 1994-இல் சீனத் துவக்குகளின் இறக்குமதியைத் தடை செய்தது. கனடாவுக்கு அவை தொடர்ந்து வந்தன. எல்லைக்குத் தெற்கே அருமையான பொருள் என்று பேசப்பட்ட அதே துவக்கை இங்கே குப்பை என்றார்கள்.

விலை ஏறிய கதையும் அப்படியே. 2020 மே 1 அன்று ஒட்டாவா, அதாவது கனடிய மத்திய அரசு, ஏறத்தாழ 1,500 துவக்கு வகைகளை ஒரே உத்தரவில் தடை செய்தது. எஸ்.கே.எஸ். அந்தப் பட்டியலில் இல்லை. 2022 நவம்பரில் துவக்குக் கட்டுப்பாட்டுக்கான சி-21 சட்டமூலத்துக்குக் கொண்டுவரப்பட்ட திருத்தம் இதையும் இழுத்துக்கொள்ளும் என்ற நிலை வந்தது; 2023 பெப்ரவரியில் அந்தத் திருத்தம் திரும்பப் பெறப்பட்டது. அந்த மாதங்களில் நான் வழக்கமாகப் போகும் கடையில் தட்டு காலியாக இருந்ததை என் கண்ணால் பார்த்தேன். இரும்பு மாறவில்லை, மரம் மாறவில்லை, சுடும் விதம் மாறவில்லை. விலை மட்டும் மாறியது. எனவே 200 டொலருக்கு விற்றபோது அதைக் குப்பை என்றவர்களும் தவறு. 600 டொலருக்கு விற்பதால் அது மூன்று மடங்கு நல்லதாகிவிட்டது என்று நினைப்பவர்களும் தவறு. தரத்தை அந்த ஒரு துவக்கிடம்தான் கேட்கவேண்டும் என்பதை நான் எத்தனை முறை எழுதினாலும் அலுக்கமாட்டேன்.

எனக்கு இது சும்மா வந்த அறிவு அல்ல. 2011-இன் குளிர்காலத்தில் என் முதல் துவக்கை வாங்கினேன். சீனத் தயாரிப்பு, முக்கோணத்துக்குள் 26 என்ற இலக்கம் குத்தப்பட்டது. கராஜில் பழைய துணிகளை விரித்து, கேத்தல் கேத்தலாகக் கொதிநீர் ஊற்றி, அந்தப் பழுப்புக் கிறீஸை இரண்டு நாள்கள் வழித்தெடுத்தேன். நாணலால் பல் குத்துவதுபோல மூலை மூலையாகக் கிளற வேண்டியிருந்தது. அடைப்பானை (குழலின் பின்வாயை மூடும் பாகத்தை) கழற்றிக் கழுவி முடித்தபின் காதருகே வைத்து ஆட்டினேன். உள்ளே, ரவையை அடித்து வெடிக்க வைக்கும் ஊசி "டக் டக்" என்று தாராளமாக அசைந்தது. அந்தச் சத்தம் வரும்வரை ஒரு ரவையும் (தோட்டாவும்) போடக்கூடாது. ஊசி கிறீஸில் ஒட்டிக்கொண்டு முன்னே நின்றுவிட்டால், அடைப்பான் மூடும்போதே விசையைத் தொடாமல் துவக்கு தானாக வெடிக்கும். தம்பிக்கு அறிவுரை சொல்ல வந்த இருபது பேரில் ஒருவராவது இந்த ஒன்றைச் சொன்னாரா? "உன்னை ஏமாத்திப்போட்டான்" என்று எழுத எடுத்த நேரத்தில் இதை எழுதியிருக்கலாமே.

இரண்டாவது துவக்குக்கு இரண்டு மடங்கு விலை கொடுத்தேன். அது சீனத் தயாரிப்பு அல்ல. மரத்தில் புது மெருகு, பளபளப்பு, எல்லாப் பாகங்களிலும் ஒரே இலக்கம். விற்றவர் யார், எந்தக் கடை என்பதை நான் சொல்லப்போவதில்லை. குழலுக்குள் பார்க்க விடுங்கள் என்று கேட்டதற்கு, "இந்த விலைக்கு அதெல்லாம் பார்க்கத் தேவையில்லை" என்று அவர் சொன்னதும், நான் தலையாட்டிவிட்டுப் பணத்தைக் கொடுத்ததும் இன்றுவரை என்னை உறுத்துகின்றன. வீட்டில் வெளிச்சம் விட்டுப் பார்த்தால், குழலின் வாய்ப்பக்கத்தில், குண்டைச் சுழற்றி நேராக அனுப்பும் சுருள் வரிகள் ஏறத்தாழ அழிந்திருந்தன. இந்த வகைத் துவக்கின் குழலைப் பின்பக்கத்திலிருந்து துடைக்க முடியாது. இரும்புக் கம்பியை வாய்வழியாகவே விடவேண்டும். கவனமில்லாமல் பல ஆண்டுகள் துடைத்தவர் கை, குழலின் வாயைத் தேய்த்துவிட்டது. சீனத் துவக்கு 100 மீற்றரில் நான்கு அங்குலத்துக்குள் சுட்டது. விலை கூடிய துவக்கோ சோற்றுத் தட்டு அகலத்துக்குச் சிதறியது. இதற்குமேல் எனக்கு எவரும் விலையைக் காட்டித் தரம் கற்பிக்க வேண்டாம்.

"நான்கு அங்குலம் என்பதே பெருமையா?" என்று கேட்பீர்கள். இல்லை. நூறு மீற்றருக்கு உட்பட்ட புதர்க்காட்டில் மானைச் சுடுபவருக்கு அது போதும். இலக்குப் போட்டிக்குப் போகிறவருக்குப் போதாது. அவர் இதை வாங்கவும் கூடாது. "600 டொலருக்குப் ஒவ்வொரு சூட்டுக்கும் அடைப்பானைக் கையால் இழுக்கும் புதிய துவக்கு வாங்கலாமே, இதைவிட நேராகச் சுடுமே" என்ற வாதத்தையும் ஒப்புக்கொள்கிறேன், அது நியாயமான வாதம். நானும் அந்தத் தம்பிக்கு முன்கூட்டியே சொல்லியிருப்பேன். ஆனால் அதைச் சொல்லும் முறை ஒன்று இருக்கிறது. வாங்கி வந்து மகிழ்ச்சியோடு நிற்பவன் முகத்தில் எறிவது அந்த முறை அல்ல.

இனி என்னை அதிகம் நோகடித்த கருத்து. "துவக்குக்குப் பயந்து ஓடிவந்த சனம், இப்ப ரி-56 வாங்கிப் படம் போடுது" என்று ஒருவர் எழுதியிருந்தார். முதலில் செய்தியைத் திருத்துகிறேன். இலங்கையில், நம் ஊரில், ரி-56 என்றால் எல்லோருக்கும் தெரிந்தது, கலாஷ்னிகோவைப் பார்த்துச் சீனா செய்த தானியங்கித் துவக்கு. சீனா அதே 56 என்ற இலக்கத்தை எஸ்.கே.எஸ்-க்கும், ஒரு இலகு இயந்திரத் துவக்குக்கும் சேர்த்தே கொடுத்தது. பெயர் ஒன்று, ஆயுதம் மூன்று. தம்பி வாங்கியது ஒவ்வொரு சூட்டுக்கும் ஒவ்வொரு முறை விசையை இழுக்கவேண்டிய துவக்கு. பத்து ரவை கொள்ளும் அதன் பெட்டியை இந்நாட்டுச் சட்டப்படி ஐந்துக்குமேல் ஏறாமல் ஆணி அடித்து அடைத்திருக்கிறார்கள்.

அடுத்தது, நான் எழுதத் தயங்கியது. அன்று கராஜில் கிறீஸ் வழித்துக்கொண்டிருந்தபோது அம்மா கதவருகே வந்து நின்றார். அந்த எண்ணெய் வாசனை அவருக்குத் தெரியும். வெகுநேரம் பேசாமல் நின்றவர், "பூட்டி வைப்பியோ?" என்று மட்டும் கேட்டார். பூட்டி வைப்பேன் என்றேன். பூட்டித்தான் வைத்திருக்கிறேன், ரவைகள் வேறு பெட்டியில் இருக்கின்றன. துவக்கின் சத்தம் என்ன செய்யும் என்று எனக்கு எவரும் முகநூலில் நினைவூட்டத் தேவையில்லை. 2022 ஒக்டோபரில் ஒன்ராறியோவின் இன்னிஸ்பில்லில் காவல்துறையினர் இருவரைக் கொன்றவன் கையிலிருந்ததும் இந்த வகைதான். அதை மறைத்துவிட்டு நான் பேசவில்லை. இதை எவர் கையிலும் கொடுக்கக்கூடாது என்று வாதிட விரும்புகிறவர்கள் அதை நேராக வாதிடட்டும், மரியாதையோடு கேட்பேன். தடை செய்யவேண்டும் என்ற கருத்தை "சீனக் குப்பை" என்ற சொல்லுக்குள் ஒளித்து வைக்காதீர்கள். இரண்டும் வேறு வேறு பேச்சு.

அந்த அண்ணருக்கு ஒன்று. உங்களிடம் இருக்கும் 2,000 டொலர்த் துவக்கை நான் சுட்டுப் பார்த்திருக்கிறேன், நல்ல துவக்கு, அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் பயிற்சி வகுப்புக்குப் போய், உரிமம் எடுத்து, இரவு வேலை செய்து சேர்த்த 600 டொலரில் ஒருவர் தம் முதல் துவக்கை வாங்கி வரும்போது, அவர் வாங்கியதைப் பாராமலே எள்ளும் உரிமையை அந்த 2,000 டொலர் உங்களுக்கு வாங்கித் தரவில்லை.

தம்பி, சனிக்கிழமை காலை வீட்டுக்கு வாருங்கள். துவக்கையும் கொண்டு வாருங்கள். முதலில் அடைப்பானைக் கழற்றி ஊசி அசைகிறதா என்று பார்ப்போம், பிறகு குழலை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து வாய்ப்பக்கத்து வரிகளைப் பார்ப்போம். பழைய படைக்கல ரவை ஏதும் சுட்டிருந்தால், அதன் உப்பு குழலை அரிக்கத் தொடங்குமுன் சொல்லுங்கள். அதைக் கழுவக் கேத்தலில் தண்ணீர் கொதிக்க வைத்திருப்பேன். வரிகள் அழிந்திருந்தால் அதையும் மறைக்காமல் சொல்வேன், திருப்பிக் கொடுக்க உங்களோடு கடைக்கும் வருவேன்.