புழு இருந்த கத்தரிக்காயும் நம்ம ஊர் நியாயஸ்தர்களும்

அந்த வீடியோவை நான் இங்கே மறுபடி பகிரப்போவதில்லை. திண்டுக்கல்காரர்கள் எல்லாருடைய வாட்ஸாப்பிலும் ஏற்கெனவே வந்து விழுந்திருக்கும். எங்கள் சின்ன மாமனார் வீட்டுக் குழுவிலேயே "இதுதானே நீ நடத்துற சந்தை?" என்று சிரிப்புப் பொம்மையோடு வந்தது. ஆமாம் சித்தப்பா, அதேதான். ஞாயிற்றுக்கிழமை காலையில் நாங்கள் சிலர் சேர்ந்து, பூச்சிமருந்து அடிக்காத காய்களுக்காக நடத்துகிற அதே சந்தை. யூடியூப் தம்பி ஒருவர் வந்தார், கத்தரிக்காயைப் பிளந்தார், புழுவைக் காட்டினார், "கிலோ 60 ரூபாய்க்கு உங்களுக்குப் புழு விற்கிறார்கள் மக்களே" என்றார். அப்புறம் ஏசி கடைக்குப் போய், 38 ரூபாய்க்குப் பளபளவென்று இருந்த காயைக் காட்டி வீடியோவை முடித்துவிட்டார்.

காய் விற்ற பெரியவரின் முகத்தை மறைக்கவேண்டும் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை. பெரியவர் சொன்ன பதிலை மட்டும் வெட்டிவிட்டார். நான் பக்கத்தில்தான் நின்றேன். "புழு இருக்கிற பக்கத்த நறுக்கிப் போட்டுட்டு மிச்சத்தச் சமைங்க தம்பி, மருந்து இருந்தா எந்தப் பக்கம்னு நறுக்குவீக?" என்று கேட்டார். வீடியோவிலேயே உருப்படியாக இருந்திருக்கக்கூடிய ஒரே வரி அதுதான்.

கத்தரிக்காயில் புழு வருவது உலக அதிசயமா? தண்டையும் காயையும் துளைக்கிற அந்த ஒரு புழுவுக்காகத்தான் மரபணு மாற்றிய பி.டி. கத்தரிக்காய் வேண்டுமா வேண்டாமா என்று நாடே அடித்துக்கொண்டது. 2010 பிப்ரவரியில் மத்திய அமைச்சர் அதை நிறுத்திவைக்கவேண்டி வந்தது. மருந்து அடிக்கிறவர்களே ஒரு பட்டத்தில் பலமுறை அடித்துத்தான் சமாளிக்கிறார்கள். இந்தப் பெரியவர் ஆண் பூச்சியை வாசனை காட்டிப் பிடிக்கிற இனக்கவர்ச்சிப் பொறி வைக்கிறார், வாடின தண்டைக் கிள்ளி எரிக்கிறார், வேப்பங்கொட்டைக் கரைசல் அடிக்கிறார். அதையும் மீறிக் கொஞ்சம் தப்பி வரும். பெரிய கடையிலும் புழுக்காய் இல்லாமல் இல்லை. அதை முதலிலேயே கழித்துவிடுகிறார்கள். அந்தக் கழிவுக் கணக்கு விவசாயி தலையில் விழுகிறது.

சரி, புழுவை விடுங்கள். எனக்கு எரிச்சல் புழுவினால் இல்லை. கீழே வந்த கருத்துகளைப் பார்த்துத்தான். "இயற்கை விவசாயம் வாழ்க" என்று என் பதிவுகளுக்கு இதயம் போட்டவர்கள் நாலைந்து பேர் அங்கே போய் "நானும் நினைச்சேன், ரேட் ஓவர்தான்" என்று எழுதியிருக்கிறார்கள். இவர்களில் ஒருவரையும் நான் சந்தையில் பார்த்ததில்லை. ஒரு நாள் வந்து செல்ஃபி எடுத்துக்கொண்டு போனவர்களையும் சேர்த்தேதான் சொல்கிறேன்.

நான் சொல்லவருவது ஒன்றே ஒன்று. சந்தையை நடத்துவது விற்கிறவர் இல்லை, வாரா வாரம் பையோடு வருகிறவர். நல்ல உணவு வேண்டும் என்று பேசுவதற்கு ஊரே இருக்கிறது. மழை தூறினாலும், கல்யாணம் இருந்தாலும், அந்த வாரம் வெறும் கீரையும் சுரைக்காயும்தான் என்றாலும் வந்து வாங்குகிற முப்பது குடும்பம் இருந்தால் பத்து விவசாயி மருந்தில்லாமல் பயிர் வைப்பார்கள். அந்த முப்பது குடும்பம் இல்லாவிட்டால் என்ன கொள்கை போட்டும் பிரயோசனம் இல்லை. தமிழ்நாடு அரசு 2023 மார்ச்சில் அங்கக வேளாண்மைக் கொள்கை, அதாவது இயற்கை விவசாயத்துக்கான கொள்கை வெளியிட்டது. நல்ல விஷயம், ஆனால் அது வந்து வெண்டைக்காய் வாங்காது.

உழவர் சந்தையை எடுத்துக்கொள்ளுங்கள். 1999 நவம்பர் 14, மதுரை அண்ணா நகரில் முதலாவது. விவசாயிக்கு அடையாள அட்டை, கடைக்கு வாடகை இல்லை, தராசு இலவசம், காலையில் விலைப் பலகை. ஆட்சி மாறியதும் கவனிப்பாரில்லாமல் கிடந்தது, 2006-க்குப் பிறகு மறுபடி தூசு தட்டினார்கள். நடுவில் அதைச் சாகவிடாமல் காப்பாற்றியது யார் என்கிறீர்கள்? விடிகாலையில் மஞ்சள் பையோடு போய் நின்ற வீட்டுக்காரர்கள்தான். எங்கள் அத்தை ஒருத்தி அப்படித்தான், சாகிறவரைக்கும் வேறு எங்கும் காய் வாங்கவில்லை. அத்தை எந்தப் பதிவுக்கும் இதயம் போட்டதில்லை.

இப்போது விலைக்கு வருகிறேன். "ஏழைகள் 60 ரூபாய் கொடுத்து வாங்க முடியுமா?" இதைக் கேட்டவர் கார் சாவியை விரலில் சுழற்றிக்கொண்டு கேட்டார் என்பது தனிக் கதை. கேள்வி நியாயம்தான். எங்கள் சந்தையில் கீரைக் கட்டு, முருங்கை, சுரை, பூசணி எல்லாம் வெளிக்கடை விலைதான், சில வாரம் குறைவாகவும் இருக்கும். ஏறுகிறது என்றால் கத்தரி, தக்காளி மாதிரி மருந்து அதிகம் கேட்கிற காய்கள்தான். அதுவும் வருஷம் முழுக்க ஒரே விலை. 2023 ஜூலையை மறந்துவிட்டீர்களா? தக்காளி 100 ரூபாயைத் தாண்டி, சென்னையில் அரசே ரேஷன் கடையில் 60 ரூபாய்க்கு விற்றது. அந்த வாரங்களில் எங்கள் சந்தையில் தக்காளி 50. விலை ஏற்றியிருந்தால் யாராலும் கேட்டிருக்க முடியாது. எங்கள் விவசாயிகள் ஏற்றவில்லை. அப்போது எந்த கேமராவும் வரவில்லை. வாங்கினவர்கள் இரண்டு கிலோவாக அள்ளிக்கொண்டு போனார்கள், அடுத்த மாதம் வெளியில் விலை இறங்கியதும் காணாமல் போனார்கள்.

அதே தக்காளி இன்னொரு பட்டத்தில் கிலோ இரண்டு ரூபாய்க்குப் போகும், பறிகூலிகூடக் கட்டாமல் ரோட்டோரம் கொட்டுவார்கள். அந்தப் படத்தையும் பகிர்ந்து "ஐயோ விவசாயி" என்று அழுவீர்கள். நான் தக்காளிக்காரன் மகள். அந்தப் படங்களுக்கு வருகிற கண்ணீர் எனக்குப் பிடிக்காது.

வேடசந்தூர்ப் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் கிணற்றுப் பாசனம். அப்பா விடியுமுன் வேனில் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு கமிஷன் கடைக்குப் போவார். திரும்பும்போது சட்டைப் பையில் ஒரு சிட்டை இருக்கும். ரோஸ் நிறக் காகிதம், கார்பன் மை அப்பியிருக்கும். மேலே பெட்டிக் கணக்கு, கீழே வரிசையாகக் கழிவு: கமிஷன், இறக்குகூலி, வேன் வாடகை, முன்பே வாங்கிய அட்வான்ஸுக்குப் பிடித்தம். பிறகு "கோயில்" என்று ஒன்று. எந்தக் கோயில் என்று அப்பாவுக்கும் தெரியாது. ஒரு முறை எல்லாம் போக மீதி என்ற இடத்தில் கழித்தல் குறி போட்டிருந்தது. தக்காளியும் கொடுத்துவிட்டுக் கடனும் பட்டு வந்திருக்கிறார். நான் அப்போது எட்டாம் வகுப்பு, கணக்கில் கெட்டிக்காரி. தப்பாகக் கூட்டியிருப்பார்கள் என்று நினைத்து மூன்று தடவை கூட்டிப் பார்த்தேன். கணக்கு சரியாகத்தான் இருந்தது.

அந்தச் சிட்டையை ஒழிப்பதற்குத்தான் இந்தச் சந்தை. உடம்புக்கு நல்லது, மண்ணுக்கு நல்லது, இயற்கை விவசாயத்தை ஊர் ஊராகப் பரப்பிய நம்மாழ்வார் ஐயா சொன்னது எல்லாம் எனக்கும் உடன்பாடுதான். அவர் தொடங்கிய வானகம் பண்ணைக்குப் போய் வந்தவள்தான் நானும். ஆனால் என் முதல் காரணம் அந்த ரோஸ் காகிதம்.

"சான்றிதழ் இருக்கிறதா?" இருக்கிறது. பங்கேற்பு உத்தரவாத முறை என்று ஒன்று உண்டு. ஐந்து விவசாயிகளாவது சேர்ந்து குழுவாக இருக்கவேண்டும், ஒருவர் தோட்டத்தை மற்றவர்கள் போய்ப் பார்க்கவேண்டும். காசு கொடுத்து வெளியாளைக் கூட்டிவந்து முத்திரை குத்துவதைவிட இது கறார். பக்கத்துக் காட்டுக்காரர் கண்ணைக் கட்டிவிட்டு யூரியா போட முடியாது. வாங்குகிறவர்களும் வந்து பார்க்கலாம் என்று எத்தனையோ தடவை கூப்பிட்டாயிற்று. வேன்கூட ஏற்பாடு செய்தோம். வந்தவர்களுக்கு முன்வரிசை இருக்கைகள் போதுமானதாக இருந்தன.

"இலங்கையில் என்ன ஆச்சு பார்த்தீங்களா?" இது இல்லாமல் ஒரு விவாதமும் முடிவதில்லை. பார்த்தேன். 2021 மே மாதம் ரசாயன உரத்துக்கு ராத்திரியோடு ராத்திரியாகத் தடை போட்டார்கள், நவம்பரில் வாபஸ் வாங்கினார்கள். நெல்லும் தேயிலையும் அடி வாங்கியது உண்மை. ஆனால் அது மேலேயிருந்து வந்த உத்தரவு. இங்கே ஒரு பெரியவர் தன் அரை ஏக்கரில் தானாக முடிவெடுத்து, தான் மட்டும் நட்டத்தைத் தாங்கிக்கொண்டு செய்கிறார். இரண்டுக்கும் என்ன சம்பந்தம்?

"நாட்டுக்கே சோறு போட முடியுமா?" நாட்டை யார் கேட்டது? நான் திண்டுக்கல்லைப் பற்றிப் பேசுகிறேன்.

"காட்டில் வேலை பார்க்கிற கூலிப் பெண்களுக்கு என்ன கிடைக்கிறது?" ஒரே ஒருவர் இதைக் கேட்டிருந்தார். இந்த மொத்தக் கூத்தில் எனக்குக் கோபம் வராத ஒரே கேள்வி. பறிகூலியைக் கொஞ்சம் கூட்டியிருக்கிறோம், போதாது. அவருக்குத் தனியாகப் பதில் போடுகிறேன்.

திருத்துறைப்பூண்டி நெல் திருவிழாவில் ஒரு வழக்கம் உண்டு. பாரம்பரிய நெல் விதைகளைத் தேடிச் சேர்த்த நெல் ஜெயராமன் நடத்தியது. இரண்டு கிலோ பாரம்பரிய விதை வாங்கிப் போகிற விவசாயி அடுத்த வருஷம் நாலு கிலோவாகத் திருப்பித் தரவேண்டும். காசு வேண்டாம், விதையாகத் தா. மாப்பிள்ளைச் சம்பாவும் பூங்காரும் கருப்புக் கவுனியும் இத்தனை மாவட்டத்துக்குப் பரவியது அப்படித்தான். வாங்கினவனுக்கும் ஒரு கடமை உண்டு என்று சொல்லிக் கொடுத்தார்கள், விவசாயிகளும் ஏற்றுக்கொண்டார்கள். வாங்கித் தின்கிற நமக்கு மட்டும் ஒரு கடமையும் கிடையாதாம். 22 ரூபாய் அதிகம் என்றால் ஆளை முச்சந்தியில் நிறுத்திவிடலாமாம். பிள்ளைக்கு பர்கர் வாங்கும்போது உள்ளே பிளந்து பார்த்து வீடியோ எடுத்த ஒருவரையாவது காட்டுங்கள்.

இது கொஞ்சம் கோபமாகத்தான் போய்விட்டது. போகட்டும். போன வாரம் அந்தப் பெரியவர் வரவில்லை. போன் செய்தால், "எதுக்குத் தாயி, பேரன் பேத்தி எல்லாம் போன்ல பாத்துட்டாக" என்றார். பறித்த காயைப் பழைய மண்டிக்கே போட்டுவிட்டாராம். என்ன விலை என்று கேட்டேன், சொல்லவில்லை.

இதற்கு மேல் பதிவு போட்டுப் பயன் இல்லை என்பதால் ஓர் ஏற்பாடு செய்திருக்கிறோம். மாதம் 1,200 ரூபாய் முன்பணம். வாரம் ஒரு கூடை, அந்த வாரம் தோட்டத்தில் என்ன வருகிறதோ அது. தேர்ந்தெடுக்க முடியாது, புழு இருந்தால் நறுக்கிக்கொள்ளவேண்டும், ஊருக்குப் போனாலும் பணம் திரும்ப வராது. இருபது வீடு சேர்ந்தால் பெரியவர் மார்கழிப் பட்டத்துக்கு நாற்று விடுவதாகச் சொல்லியிருக்கிறார். இதுவரை பதினொன்று. இதயம் போடவேண்டாம், உள்பெட்டியில் பெயரும் தெருவும் அனுப்புங்கள். வியாழக்கிழமைக்குள் தெரிந்தால்தான் அவரிடம் சொல்ல முடியும்.