பர்சனல் லோனுக்கு ஓடுவதற்கு முன்

மழைக்காலத்தில் ஒழுகும் கூரைக்கு பர்சனல் லோன்தான் கைகொடுக்கும் என்று, வீட்டுப் பழுதுச் செலவு பற்றி நான் படித்த ஒரு கட்டுரை முடித்துவிட்டது. எனக்கு உடன்பாடில்லை, வேறு வழியே இல்லாதபோதுதான் அங்கே போக வேண்டும்.

கிராமத்தில் அரசு கட்டிக்கொடுத்த தொகுப்பு வீட்டில் இருப்பவர்களைக் கட்டுரையாளர் கண்டுகொள்ளவே இல்லை. காரை பெயர்ந்து, கம்பி துருப்பிடித்துத் தொங்கும் அந்த வீடுகள்தான் உண்மையில் ஆபத்தானவை. 2000-01க்கு முன் அரசுத் திட்டங்களில் கட்டிய ஊரக வீடுகளைச் சீரமைக்க 2024இல் தமிழக அரசு 2,000 கோடி ரூபாயில் திட்டம் அறிவித்தது. இலக்கு இரண்டரை லட்சம் வீடுகள். உங்கள் வீடு பட்டியலில் இருக்கிறதா என்று ஊராட்சியிலோ பி.டி.ஓ. (வட்டார வளர்ச்சி அலுவலர்) ஆபீசிலோ கேளுங்கள். கலைஞர் கனவு இல்லம் திட்டம் வேறு. அது குடிசைக்குப் பதில் புது வீடு கட்டுவதற்கு, மூன்றரை லட்சம் ரூபாய். இரண்டையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள்.

சம்பளக்காரர்களுக்கு பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) இருக்கிறது. வீட்டுப் பழுதுக்கு அதிலிருந்து பணம் எடுக்கலாம், திருப்பிக் கட்ட வேண்டியதில்லை. ஓய்வுக்காலப் பணம்தான், மறுக்கவில்லை. ஆனால் சன்ஷேட் தலையில் விழும் நிலையில் வேறென்ன பார்ப்பது?

ஏற்கெனவே வீட்டுக்கடன் ஓடுகிறது என்றால் அதே வங்கியில் டாப்-அப், அதாவது அந்தக் கடனோடு சேர்த்துக் கூடுதல் கடன் கேளுங்கள். பர்சனல் லோனைவிட வட்டி பெரும்பாலும் குறைவு. வருமான வரியில் பழைய வரிமுறையில் இருப்பவர்களுக்கு, குடியிருக்கும் வீட்டின் பழுதுக்கு வாங்கிய கடன் வட்டியில் ஆண்டுக்கு 30,000 ரூபாய் வரை கழிவு உண்டு. கட்டுரை சொல்லும் இரண்டு லட்சம் ரூபாய் கழிவு, வீடு வாங்கவோ கட்டவோ எடுத்த கடனுக்கு.