“162 ஆட்டம் இருக்குடா, பொறு”னு சொன்னவங்க எல்லாம் இங்க வாங்க

வயிறு எரியுது. சீசன் முடிஞ்சும் எரியுது. நியூயார்க் மெட்ஸ்ங்கற பேஸ்பால் டீமோட ரசிகனாப் பொறந்து தொலைக்கல, நானாத்தான் போய் விழுந்தேன். குவீன்ஸ்ல வீடு எடுத்தேன், வாசல்ல 7-ஆம் நம்பர் ரயில். கடைசி ஸ்டேஷன்ல இறங்கினா ஃப்ளஷிங் பிள்ளையார் கோயில், கேன்டீன் தோசை. அதுக்கு முந்தின ஸ்டேஷன்ல இறங்கினா சிட்டி ஃபீல்ட் மைதானம். நான் ஒரு ஸ்டேஷன் முன்னாடியே இறங்கிட்டேன். புத்தி.

என் கோபம் செப்டம்பர் மேல இல்ல. ப்ளே-ஆஃப் வாய்ப்பு போன மாசம்னு எல்லாரும் செப்டம்பரைத்தான் திட்டறாங்க. நான் திட்டறது ஜூனையும் ஜூலையையும். அதைவிட அதிகமா, அந்த ரெண்டு மாசமும் என்னைத் தட்டிக்கொடுத்து உக்கார வச்சவங்களை. மேல் மாடி மாமா 1986-ல டீம் கப் அடிச்சப்பவே இங்க இருந்தவர். எது நடந்தாலும் ஒரே மந்திரம்: “162 ஆட்டம் இருக்குடா, பொறு.” ஆபீஸ்ல அதே. டிவில அதே. மேனேஜர் மெண்டோசா தோத்துட்டு வந்து உக்காந்து பேசற தொனியும் அதே. மார்ச் கடைசில ஆரம்பிச்சு செப்டம்பர் கடைசி வரைக்கும் கிட்டத்தட்ட தினமும் ஆடற ஆட்டமாம், அதனால ஒண்ணு ரெண்டு போனா கணக்கில்லையாம்.

கணக்கில்லையா? வாங்க, கணக்குப் பார்ப்போம்.

2025 ஜூன் 12. அன்னிக்கு ராத்திரி நாங்க 45 வெற்றி, 24 தோல்வி. மேஜர் லீக்ல இருக்கிற 30 டீம்லயும் நாங்கதான் முதல். பேட்டிங் நட்சத்திரம் ஹுவான் சோட்டோவுக்கு 15 வருஷத்துக்கு 765 மில்லியன் டாலர் எழுதிக் குடுத்துக் கூட்டிட்டு வந்த முதல் சீசன், கேக்கவா வேணும்! நான் அக்டோபர் லீவுக்கு ஆபீஸ்ல முன்னாடியே சொல்லி வச்சுட்டேன். அந்த ஜூன் 12 மத்தியானமே சனி உள்ள வந்துட்டான்னு எனக்குத் தெரியாது. எங்க பிட்சர், அதாவது பந்து போடறவர், கோடாய் செங்கா. அப்ப அவரோட இ.ஆர்.ஏ. 1.47, அதாவது ஒன்பது இன்னிங்ஸுக்கு ஒன்றரை ரன்கூட விடாத மனுஷன். உருண்டு வந்த பந்தை முதல் பேஸ்காரர் அலோன்ஸோ எடுத்து, முதல் பேஸுக்கு ஓடி வந்த செங்காவுக்குப் போட்டார். உயரமாப் போயிடுச்சு. செங்கா எம்பிப் பிடிச்சார், கால் பேஸ்ல பட்டுச்சு, பின்தொடையைப் பிடிச்சுக்கிட்டு அப்படியே விழுந்தார். அவுட் கிடைச்சது. எங்களுக்கும் சேர்த்து.

அதுக்கு முந்தின வருஷம், 2024-ல, அதே ஜூன் 12-லதான் மெக்டொனால்ட்ஸ் ஊதா பொம்மை கிரிமஸ் வந்து முதல் பந்து போட்டுச்சு. அதுக்கப்புறம் தொடர்ந்து ஏழு ஆட்டம் ஜெயிச்சு, அந்த மாச ஆரம்பத்துல 24-35னு கிடந்த டீம் எழுந்து லீக் இறுதித் தொடர் வரைக்கும் போச்சு. அப்ப ஊரே ஜாதகம் பார்த்த மாதிரி அந்தத் தேதியைக் கொண்டாடுச்சு. இப்ப அந்தத் தேதியைக் காலண்டர்லேர்ந்து கிழிச்சுப் போடலாம்னு இருக்கு.

செங்கா விழுந்ததுக்கு அடுத்த பதினாறு ஆட்டத்துல நாங்க ஜெயிச்சது மூணு. மூணே மூணு. டாம்பா பே நம்ம வீட்டுக்கு வந்து மூணையும் அள்ளிட்டுப் போனாங்க. அட்லாண்டாவுக்குப் போய் மூணு குடுத்துட்டு வந்தோம். பிட்ஸ்பர்க்! அவங்க அந்த வருஷம் அடிமட்டத்துல கிடந்த டீம். அங்க போய் 9-1, 9-2, 12-1. மூணு நாள்ல முப்பது ரன் வாங்கி நாலு ரன் அடிச்சோம். ஞாயித்துக்கிழமை அதைப் பார்த்துட்டு மாமா வீட்டுக்குப் போனா, அவர் நிதானமா மோர் குடிச்சிக்கிட்டே, “இன்னும் ஜூன்தானேடா.”

ரெண்டு நாள் கழிச்சு ஜூலை 1. தெரியாதவங்களுக்குச் சொல்றேன், அது பாபி போனியா நாள். எங்க டீமுக்குக் கடைசியா 1999-ல ஆடின ஆளுக்கு, 2011-லேர்ந்து 2035 வரைக்கும் வருஷாவருஷம் 11,93,248 டாலர் குடுத்துக்கிட்டு இருக்கோம். ஊர் சிரிக்கற அந்த நாள்ல நாங்க பிட்ஸ்பர்க்ல வாங்கின காயத்துக்கு மருந்து போட்டுக்கிட்டு இருந்தோம். சரி, விடுங்க.

இப்ப நான் சொல்ல வந்த நாளுக்கு வர்றேன். ஜூலை 19, சனிக்கிழமை. டேவிட் ரைட்டோட 5-ஆம் நம்பர் ஜெர்சிக்கு ஓய்வு குடுத்த நாள். வேற டீம் சட்டையே போடாம, இங்கயே ஆடி, முதுகுவலியிலயே ஆட்டத்தை முடிச்சுக்கிட்ட கேப்டன். நானும் போயிருந்தேன். பக்கத்து சீட்ல முன்னப்பின்ன தெரியாத ஒரு பெரியவர் அழுதார், நானும் கண்ணைத் துடைச்சுக்கிட்டேன். அப்புறம் ஆட்டம் ஆரம்பிச்சது. சின்சினாட்டி ரெட்ஸ். 5-2னு தோத்தோம். முந்தின நாளும் அவங்ககிட்டதான் 8-4னு தோத்திருந்தோம். ஞாயித்துக்கிழமை மட்டும் 3-2னு தப்பிச்சோம். ரயில்ல யாரும் கோபப்படல. கேப்டனைப் பார்த்த சந்தோஷம். “ஜூலைல ரெட்ஸ்கிட்ட ஒரு தொடர் போனா என்ன இப்போ?”னு எனக்குப் பின்னாடி ஒருத்தர் சொன்னார். நானும் தலையாட்டினேன், அதான் கொடுமை.

ஏன்னா உடனே அந்த டீம் என்ன பண்ணுச்சு தெரியுமா? ஜெயிக்க ஆரம்பிச்சது! தொடர்ந்து ஏழு. சான் ஃபிரான்சிஸ்கோ போய் மூணையும் ஜெயிச்சு 62-44. திரும்பவும் பட்டியல்ல மேல. மொத்தமா மோசமான டீம்னா நான் நிம்மதியா இருப்பேன் சார். சாயங்காலம் கிரிக்கெட் ஹைலைட்ஸ் போட்டுக்கிட்டு (அதுவும் அந்த வருஷம் சிஎஸ்கே கடைசி இடம், எங்கதான் போறது?) படுத்துடுவேன். இவங்க அப்படி விடமாட்டாங்க. நான் ரிமோட்டைக் கீழ வைக்கிற நேரம் பார்த்து லிண்டோர் ஒரு ஹோம் ரன் அடிப்பார். நான் திரும்ப உக்காருவேன்.

உக்காந்தேன். அடுத்த ரெண்டு வாரத்துல பன்னிரண்டு ஆட்டம், பதினொரு தோல்வி. க்ளீவ்லாந்து பிட்சர் கேவின் வில்லியம்ஸ்கிட்ட ஒன்பதாவது இன்னிங்ஸ் வரைக்கும் ஒரு ஹிட் கிடையாது. கடைசி நேரத்துல சோட்டோ ஒரு ஹோம் ரன் அடிச்சு மானத்தைக் கொஞ்சம் காப்பாத்தினார். மில்வாக்கில 5-0னு முன்னாடி இருந்து, கடைசிப் பந்துல ஹோம் ரன் வாங்கி 7-6. அலோன்ஸோ பழைய ஆட்டக்காரர் ஸ்ட்ராபெர்ரியோட 252 ஹோம் ரன்னைத் தாண்டி டீம் சாதனை வச்சார், கூத்தாடினோம். மறுநாளே 6-0னு முன்னாடி இருந்துட்டு ஒரே இன்னிங்ஸ்ல ஒன்பது ரன் குடுத்து 11-6.

பிட்சர் இல்ல, அதான் வியாதி. கண்ணு தெரியாதவனுக்கும் தெரிஞ்ச வியாதி. பீட்டர்சனைத் தவிர யாரும் ஆறு இன்னிங்ஸ் நின்னு போடறதே அபூர்வமாப் போச்சு. புல்பென் ஆளுங்க, அதாவது நடுவுல வந்து போடற ரிலீவருங்க, தோள் கழண்டு போட்டுக்கிட்டு இருந்தாங்க. ஜூலைக் கடைசில மத்த டீம்லேர்ந்து ஆள் வாங்கற கெடு வந்தது. டீமுக்கு ஆள் எடுக்கற பொறுப்புல இருந்த டேவிட் ஸ்டெர்ன்ஸ் மூணு ரிலீவர் வாங்கினார், ஒரு சென்டர் ஃபீல்டர் வாங்கினார். ஆரம்பத்துலேர்ந்து போடற பிட்சர் ஒருத்தர்கூட வாங்கல. வீட்டுல அரிசி இல்லன்னு கடைக்கு அனுப்பினா அப்பளம், ஊறுகாய், வடகம்னு வாங்கிட்டு வந்த கதை. வாங்கின ரிலீவர்லயும் ஹெல்ஸ்லி வந்த நாள்லேர்ந்து அடிதான் வாங்கினார். அப்பளமும் நமுத்துப் போச்சு.

செப்டம்பர் 28. கடைசி நாள், 162-வது ஆட்டம். மயாமில. மயாமி மார்லின்ஸ் எங்களுக்கு யாருன்னு மெட்ஸ்காரங்களைக் கேளுங்க: 2007-ல கடைசி நாள் எங்களை வெளிய அனுப்பினது அவங்க, 2008-லயும் அவங்களேதான். மூணாவது தடவையும் அதே வாசல். 4-0னு தோத்தோம். அஞ்சாவது இன்னிங்ஸ்ல மூணு பேஸ்லயும் ஆள் நிக்க, அலோன்ஸோ அடிச்ச அடி மின்னல் மாதிரிப் போய் நேரா லெஃப்ட் ஃபீல்டர் கையில. ப்ளே-ஆஃப்ல மிச்சமிருந்த கடைசி இடத்துக்கு எங்களோட மல்லுக்கட்டின ரெட்ஸும் அதே மதியம் தோத்தாங்க! நாங்க ஜெயிச்சிருந்தா உள்ள. அவங்க 83-79, நாங்களும் 83-79.

முன்னாடி எல்லாம் இப்படிச் சமமா வந்தா 163-வதா ஒரு ஆட்டம் வச்சுத் தீர்ப்பாங்க. 2022-லேர்ந்து அது கிடையாது. ரெண்டு டீமும் நேருக்கு நேர் மோதினதுல யார் அதிகம் ஜெயிச்சாங்களோ அவங்க உள்ள. ரெட்ஸ் நாலு, நாங்க ரெண்டு. அந்த நாலுல ரெண்டு எங்க வந்ததுன்னு இப்ப ஞாபகம் வருதா? “ஜூலைல ரெட்ஸ்கிட்ட ஒரு தொடர் போனா என்ன இப்போ?”

மாமா மாடியிலேர்ந்து இறங்கி வந்தார். ரொம்ப நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம், “ஒரே ஒரு ஆட்டம்டா”ன்னார்.

“எந்த ஆட்டம் மாமா? சொல்லுங்க. பிட்ஸ்பர்க்ல விட்டதா, மில்வாக்கில விட்டதா, நான் டிக்கெட் வாங்கி உக்காந்து பார்த்ததா?”

அவர் பதில் சொல்லல. மோர் வேணுமான்னு கேட்டார்.