கத்தோலிக்கப் பள்ளிச் சேர்க்கை: பரவும் செய்தியும் உண்மையும்

இங்கிலாந்தில் அரசு நிதியில் இயங்கும் கத்தோலிக்கப் பள்ளிகளில் திருமுழுக்குப் பெற்ற பிள்ளைகளுக்கு மட்டுமே இடம் என்றும், நன்கொடை கொடுத்தால் வரிசையில் முந்தலாம் என்றும் பரவிவரும் செய்தி தவறானது. இதை நம்பி விண்ணப்பிக்காமலே விட்டுவிடும் பெற்றோர் இருப்பது வேதனைக்குரியது.

அரசின் 2021ஆம் ஆண்டுப் பள்ளிச் சேர்க்கை விதித்தொகுப்பின்படி, இடங்கள் காலியாக இருக்கும் வரை, மதத்தைக் காரணம் காட்டி இப்பள்ளிகள் எந்தப் பிள்ளையையும் மறுக்க இயலாது. விண்ணப்பங்கள் இடங்களை விஞ்சும்போதுதான், மறைமாவட்டத்தின் (ஆயர் ஒருவரின் பொறுப்பிலுள்ள திருச்சபைப் பகுதியின்) வழிகாட்டுதலைக் கருத்தில் கொண்டு பள்ளி வகுத்து, முன்கூட்டியே வெளியிட்ட முன்னுரிமை வரிசை நடைமுறைக்கு வருகிறது. அதில் கத்தோலிக்கப் பிள்ளைகளை முன்னே வைக்கச் சட்டம் இடமளிக்கிறது. ஆகவே பலர் நாடும் பள்ளிகளில் பிறருக்கு இடம் கிடைப்பது அரிது என்பது உண்மையே. ஆனால் கத்தோலிக்கப் பிள்ளைகளுள்ளும், உள்ளாட்சி மன்றத்தின் பராமரிப்பில் வளர்பவர்களே முதலில் வரவேண்டும். உடன்பிறந்தோர் அங்கே படிப்பதும் வீட்டின் தொலைவும் பல பள்ளிகளில் கணக்கில் கொள்ளப்படுகின்றன. சிறப்புக் கல்வித் தேவைக்கான சட்டபூர்வத் திட்டத்தில் பள்ளியின் பெயர் குறிக்கப்பட்ட பிள்ளையோ, எந்த மதத்தைச் சேர்ந்தவராயினும், இவ்வரிசைக்கு வெளியே கட்டாயம் சேர்க்கப்பட வேண்டும்.

நன்கொடையைப் பொறுத்தவரை, பெற்றோர் பள்ளிக்கு அளிக்கும் பணத்தையோ உதவியையோ கருத்தில் கொண்டு முன்னுரிமை தருவதை அதே விதித்தொகுப்பு வெளிப்படையாகத் தடைசெய்கிறது. இடம் மறுக்கப்பட்டவர்கள் சுதந்திரமான மேல்முறையீட்டுக் குழுவை அணுகலாம்.